மூட்டைக்கு அந்தப் பக்கம்

எதைத் தூக்குவதாக இருந்தாலும் அவர் முதலில் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். கட்டில், ஆட்டுக்கல், பீரோ, எதுவானாலும். பார்த்துவிட்டுப் பாரமான பக்கம் எதுவோ அங்கே போய் நின்றுகொள்வார். மற்றவன் மிஞ்சின பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் பேச்சுக்கே இடம் கிடையாது.

பதினோரு வருஷம் அவரும் நானும் ஜோடி. திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினோம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எழுபதுகளில் சேர்ந்தது, எண்பதுகளின் தொடக்கம் வரை. அவருக்கு என்னைவிட எட்டு ஒன்பது வயது ஜாஸ்தி. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பக்கமிருந்து மாட்டு வண்டியிலும் லாரியிலும் மூட்டை வரும். இறக்க வேண்டும். எடை போட வேண்டும். அட்டி போட வேண்டும். அட்டி என்பது மூட்டைமேல் மூட்டையாக அடுக்குவது. இடுப்பு உயரம் வரைக்கும் யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். அதற்கு மேலே ஜோடியாகத்தான் வீச வேண்டும். ஆளுக்கு மூட்டை வாயோரம் ஒரு காது, கீழே ஒரு அடிமூலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து வீசினால்தான் மூட்டை மேலே போகும். ஒருவன் கொஞ்சம் பிந்தினாலும் மற்றவன் இடுப்பு போய்விடும். அதனால் ஜோடி மாற மாட்டார்கள். பெண்டாட்டியோடு பேசாமல் இருக்கலாம், ஜோடியோடு சண்டை போடக் கூடாது என்பார்கள் மண்டியில்.

மற்ற ஜோடிகள் குரல் கொடுத்து வீசுவார்கள். அவர் "ம்" என்பார். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அந்த "ம்" வந்தால் என் கை தானாகப் போகும்.

காலையில் முதல் மூட்டைக்கு மட்டும் கேட்பார்.

"புடிச்சியா?"

"புடிச்சேண்ணே."

"நீ புடி, அது போதும்."

நான் அதை வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆள் நல்ல உயரம். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பாடை தூக்க நாலு பேர். என்னையும் சேர்த்து மற்ற மூன்று பேரும் குள்ளம். பாடை அவர் தோளில் மட்டும்தான் இருந்தது. எங்கள் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். பாதி வழியில் பின்னால் இருந்தவர் சொன்னார்.

"யோவ், கொஞ்சம் குனிஞ்சு நடயேன். நாங்களும் புண்ணியம் சேத்துக்குறோம்."

"புண்ணியத்த நீங்க வெச்சுக்குங்க. நட."

சுடுகாடு வரைக்கும் குனியவில்லை. மறுநாள் அவர் தோளில் மூங்கில் கணு பதிந்த இடம் கறுத்திருந்தது. கேட்டதற்கு, "கொசு" என்றார்.

மண்டியில் லோடு இல்லாத மாதங்களில் வேறு வேலைக்குப் போவோம். வீடு காலி பண்ணுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுவது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் அடிக்கடி வீடு மாற்றுவார்கள். அப்படி ஒருவரிடம் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி. உள்ளே முழுக்கப் புத்தகம். மாடிக்கு ஏற்ற வேண்டும். நான் போய்க் கை வைத்தேன். வெள்ளைக்காரர் என்னை விலக்கிவிட்டு, "நான், நான்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அதுதான். ஆசையாக இருந்தார்.

இவர் ஒரு சுற்று சுற்றி வந்தார். வெள்ளைக்காரரை மேல் பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் படிக்குக் கீழே நின்றார். ஏற்றினார்கள். மேலே போய் வைத்ததும் வெள்ளைக்காரர் பெட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், சிரித்தார். தனக்கு இவ்வளவு பலமா என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏண்ணே, அவரே ஆசப்பட்டாரு. பாதியாவது குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்தா நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கும். அப்புறம் சம்மணம் போட்டு உக்காந்து எப்படி சாமி கும்புடுவாரு? அதுக்குத்தான கப்பல் ஏறி வந்திருக்காரு."

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சொல்வது தமாஷா இல்லையா என்று கடைசி வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அவர் வீடு வேங்கிக்காலில். அப்போது அங்கே ஏரியும் வயலும் கொஞ்சம் வீடுகளும்தான். காலையில் நடந்தே டவுனுக்கு வருவார். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். நான் போகிற நேரமெல்லாம் ஒரே குறைதான்.

"தண்ணிக் கொடத்தக்கூட என்ன தூக்க விடமாட்டேங்குறாரு தம்பி. கொழாயடியில பொம்பளைங்க சிரிக்கிறாளுங்க. மகாராணி வர்றாங்கன்னு வழி விடுறாளுங்க."

"நல்லதுதான அண்ணி."

"இன்னா நல்லது. பாரமும் தர மாட்டாரு, பேச்சும் தர மாட்டாரு. மனசுல என்ன கெடக்குதுன்னு தெரியாது. அதுவும் அவரு பக்கமே இருக்கணும்."

அவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். காதில் விழும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு தடவை நான் அவரை மீறினேன். மண்டிக்குப் பக்கத்து எண்ணெய் மில்லில் ஒரு பழைய மோட்டாரை நகர்த்தக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் முழு இரும்பு, மறுபக்கம் வெறும் சக்கரம். அவர் சுற்றி வருவதற்குள் நான் போய் இரும்புப் பக்கம் நின்றுவிட்டேன்.

"வா இந்தப் பக்கம்."

"இருக்கட்டும்ணே. ஒரு நாளைக்கு நான் புடிக்கிறேன்."

"வாடான்றேன்."

"ஏன், நான் ஆம்பள இல்லையா?"

மில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சக்கரப் பக்கம் பிடித்தார். வைத்தோம். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டீக்கடையில் தனியாகப் போய் நின்றார். வேலையில் "ம்" மட்டும் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னார்.

"ஒனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசந்தான் ஆவுது. இடுப்ப பாத்து வெச்சுக்கடா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவர் பக்கத்தை நான் தொடவில்லை.

கடைசி வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மழை நின்றதும் ஊரெல்லாம் காய்ச்சல். விஷக்காய்ச்சல் என்றார்கள். உடம்பை அடித்துப் போட்டது மாதிரி வலி, தொண்டை எரிச்சல். மண்டியில் பாதிப் பேர் படுத்து எழுந்தோம். எனக்கு மூன்று நாளில் போய்விட்டது. அவருக்கு நாலு நாள். டவுனில் ஒரு டாக்டர் ஊசி போட்டு, ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்றாராம்.

எங்களுக்கு ரெஸ்ட் என்றால் காய்ச்சல் விடுகிற வரைக்கும்தான். காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். மிளகு ரசம் ஊற்றிச் சோறு தின்போம். தலைக்கு ஊற்றியாகிவிட்டது என்றால் ஆள் எழுந்துவிட்டான் என்று கணக்கு. அதற்குமேல் படுத்துக் கிடந்தால் சோம்பேறி. நான் அப்படித்தான் வேலைக்குப் போனேன். எல்லாரும் அப்படித்தான் போனோம். ஐந்தாம் நாள் அவரும் வந்தார். கார்த்திகை பிறந்துவிட்டது. புது மல்லாட்டை வந்து குவிகிற நேரம்.

"புடிச்சியா?"

"புடிச்சேண்ணே."

"ம்" வந்தது. வீசினோம். மூட்டை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கோணிக்கொண்டு என் பக்கம் விழுந்தது. அட்டி மேலே நின்ற ஆள் தள்ளிச் சரிசெய்தான். நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மூட்டையில் எனக்குத் தெரிந்துவிட்டது. பாரம் என் கையில் இருந்தது. பதினோரு வருஷமாக நான் பாதி மூட்டை தூக்குகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு நாளும் தூக்கியதில்லை. பாதி என்றால் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் என் தோளுக்குத் தெரிந்தது.

அது மூன்று நாளில் பாதிக்கும் மேலே போனது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேராகத்தான் நிற்பார். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பத்து மூட்டைக்கு ஒரு தடவை அட்டியில் கை ஊன்றி நிற்பார். முன்பு ஊன்றிப் பார்த்ததில்லை. "ம்" வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இரண்டு மூச்சு.

"இன்னாண்ணே?"

"நெஞ்சுல என்னமோ அடைக்குது. வாயு."

வாயு என்றால் மண்டியில் எல்லாரும் வைத்தியர்தான். ஒருவர் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். ஒருவர் ஓமத்தண்ணீர் என்றார். டீக்கடையில் கோலி சோடா வாங்கி உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடித்தார். பெரிதாக ஏப்பம் விட்டார்.

"பாத்தியா, போயிடுச்சு."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. நானும் ஒரு சோடா குடித்தேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி. யாருக்கு எந்த வேலை என்று அவர்தான் சொல்வார். தூக்க முடியாதவனை அவர் ஊசி பிடிக்கச் சொல்வார். கோணி வாயைச் சணல் போட்டுத் தைக்கிற வேலை அது. கிழவர்களும் கை ஒடிந்தவர்களும் செய்வது. ஊசி பிடித்தவன் மறுபடி ஜோடிக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. வாசலில் வேலைக்குக் காத்து நிற்கிற ஆட்கள் எத்தனையோ பேர். இடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது. அண்ணன் அப்படித் தரையில் உட்கார்ந்து சணல் கோத்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஜோடி உடைந்தால் மற்றவனும் நிற்க வேண்டும், வேறு ஆள் அமைகிற வரைக்கும். எனக்கு அப்போது கைக்குழந்தை.

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிடியை மாற்றினேன். அடிமூலையை விட்டு ஒரு சாண் உள்ளே கை கொடுத்தால், பாரம் நம் பக்கம் சாயும். எதிரே நிற்பவனுக்கு லேசாகிவிடும். இத்தனை வருஷம் அவர் எப்படிச் செய்தார் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். அவர் எனக்குச் செய்ததை அவருக்குச் செய்தேன். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். தெரிந்தால் பேச மாட்டார். "ம்" வருவதற்கு முன்னாலேயே கையை உள்ளே கொடுத்துவிடுவேன். அவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கையைப் பார்க்க மாட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என்னால் குழந்தையைத் தூக்க முடியாது. என் மனைவி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். அவளிடமும் சொல்லவில்லை.

தீபத்துக்கு இரண்டு நாள் மண்டி மூடினார்கள். இந்த இரண்டு நாளும் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். அவர் எப்போதும்போல மலை சுற்றக் கிளம்பிவிட்டார். காலையில் நானும் கூடப் போனேன். கூட்டம். வருஷா வருஷம் அவர் நடைக்கு நான் ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு நான் நின்று நின்று போனேன். பாதி தூரத்துக்குள் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்து உக்காந்து போனா மலை கோச்சுக்கும்ணே."

"அது எங்க போவப் போவுது. நமக்காக நிக்கும்."

மூன்றாவது தடவை புளியமர நிழலில். செருப்பில்லாத காலை நீட்டியிருந்தார். கணுக்காலில் எலும்பு தெரியவில்லை. வீங்கியிருந்தது.

"கால் வீங்கியிருக்குதே."

"நாள் பூரா நின்னுகிட்டே கெடக்குறமில்ல."

"நானுந்தான் நிக்கிறேன்."

"உனக்கு வயசு கம்மி."

கொஞ்ச நேரம் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

"உள்ள கோழி ஒண்ணு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுடா. படபடன்னு அடிச்சுக்குது. ஒரு நேரம் சத்தமே இல்லாம போயிடுது."

"டாக்டர்கிட்ட போலாம்ணே. இப்பவே போலாம்."

"பொங்கல் கழியட்டும். லோடு கம்மியாவட்டும்."

நான் சரி என்றேன்.

பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். உட்கார்ந்திருந்த ஆளை இழுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சரி என்றேன். எழுந்து மிச்சத்தையும் சுற்றி முடித்தோம்.

மார்கழியில் ஒரு நாள் மேஸ்திரி எங்கள் அட்டிக்கு எதிரே வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்தது என்னை.

"இன்னாடா, ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு வீசுற? பொண்டாட்டி அடிச்சாளா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இடுப்பு புடிப்பு மேஸ்திரி."

"புடிப்புன்னா போய் ஊசியப் புடி. உன்னால ஜோடி கெடுது. அவரப் பாரு. உன்னவிட மூத்தவரு, காய்ச்சல்ல கெடந்து வந்தவரு. எப்படி நேரா நிக்கிறாரு. வெக்கமா இல்ல?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும் மேஸ்திரி."

"ரெண்டு நாள்தான். அப்புறம் ஊசி."

அண்ணன் எனக்கு எதிரே மூட்டைக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காத மனிதர். ஒரு தடவை எடை போடுகிறவர் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னதற்குத் தராசுக் கம்பியைப் பிடித்து நிறுத்தியவர். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன்.

இரண்டு நாளில் நேராக நிற்கப் பழகிக்கொண்டேன். பல்லைக் கடித்தால் நிற்கலாம்.

பொங்கல் போனது. லோடு குறையவில்லை. டாக்டரிடம் போவதைப் பற்றி நான் ஒரு தடவை எடுத்தேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

மாசியில் ஒரு காலை. லாரிக்கு லோடு. பனி விடவில்லை. அவருக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மூட்டையைப் பிடித்தோம். "ம்" வரும் என்று நின்றேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது.

"எறக்கு" என்றார்.

இறக்குவதற்குள் அவர் கை விட்டுவிட்டது. மூட்டை என் காலில் விழுந்தது. அவர் அதன் மேலேயே உட்கார்ந்தார். சாயவும் இல்லை, படுக்கவும் இல்லை. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

டயர் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுத்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேலூருக்குப் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் அவர், அண்ணி, நான். அவருக்குச் சாய்ந்தால் மூச்சு வரவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே வந்தார். அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இருவது நாளா படுக்குறதே இல்ல தம்பி. செவுத்துல சாய்ஞ்சு உக்காந்துகிட்டுதான் தூக்கம். கேட்டா வாயுன்னு சொல்றாரு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வேலூரில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயசு. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க யாரு?"

"கூட வேலை செய்யிறவன்."

"இவருக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"தீபத்துக்கு முன்னாடிங்க."

"எத்தனை நாள் படுத்திருந்தாரு?"

"நாலு நாள்."

"அப்புறம்?"

"வேலைக்கு வந்துட்டாருங்க. மூட்டை தூக்குற வேலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்பல இருந்து தூக்குறாரா? மாசியாயிடுச்சே."

"ஆமாங்க."

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். திட்டவில்லை. அந்தக் காய்ச்சல் கிருமி சில பேருக்கு இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும். எல்லாருக்கும் இல்லை, யாரோ சிலருக்கு. இதயம் முழுக்கச் சதை. அது புண்ணாகிவிடும். அப்போது பாரம் எதுவும் தொடாமல் சும்மா இருந்தால், மூன்று மாசம் ஆறு மாசத்தில் பல பேருக்குத் தானாக ஆறிவிடும். புண்ணோடு வேலை வாங்கினால் வீங்கித் தளர்ந்துபோகும். பழைய ரப்பர் மாதிரி. இவருக்கு ரொம்பத் தளர்ந்துவிட்டது.

"காய்ச்சல் விட்டதும் மூச்சு வாங்கியிருக்கும். கால் வீங்கியிருக்கும். யாரும் பாக்கலையா?"

"சும்மா இருந்திருந்தா நல்லாயிருப்பாருங்களா?"

"கண்டிப்பா சொல்ல முடியாது. நல்லாயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி."

இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தண்ணீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்துக்கு ஒரு பொடி மாத்திரை. உப்பு கூடாது. பாரம் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான்.

அதற்கப்புறம் வேங்கிக்கால் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி குடம் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூலி வேலைக்கும் அண்ணிதான் போனார். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். பேச்சு அதிகம் இருக்காது. மண்டி நிலவரம் கேட்பார்.

"புது ஜோடி எப்படி?"

"பரவால்லண்ணே. அவன் பக்கத்த அவன் தூக்குறான்."

"அப்ப நல்ல ஆளுதான்."

"உப்பில்லாம எப்படிண்ணே சாப்புடுற?"

"மல்லாட்டைய வறுத்துக் குடுக்குறா. அதுக்கு எதுக்கு உப்பு."

ஒரு தடவை நான் கிளம்பும்போது என் இடுப்பைப் பார்த்தார். "வலி இருக்குதா?" என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த ஐப்பசியில் இறந்துபோனார். காலையில், வாசலில், உட்கார்ந்த மேனிக்கு. அண்ணி காபி கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஆறிக்கொண்டிருக்கிறது, குடிக்கவில்லையே என்று பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துப் போனேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். விதைக்கு வேண்டிய பருப்பு. மெஷினில் போட்டால் உடையும் என்று கையால் உரிக்கக் கொடுப்பார்கள். நான் படியில் உட்கார்ந்தேன். குழந்தை நடக்கிறதா என்று கேட்டார். நடக்கிறது என்றேன். அப்புறம் கையை நிறுத்தாமலே கேட்டார்.

"கூடவே நின்னு தூக்குனீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா தம்பி?"

"தெரியல அண்ணி."

அண்ணி நாலைந்து காய் உரித்தார். பருப்பை முறத்தில் போட்டார்.

"மேஸ்திரி உங்கள ஏசுன அன்னிக்கு வந்து சோறு தின்னல. இன்னான்னு கேட்டேன். 'அவன் எம்பக்கத்தையும் சேத்துத் தூக்குறான். தெரியாத மாதிரி நிக்கிறேன்'ன்னாரு."

அண்ணி முறத்தைப் புடைத்துத் தோலைத் தள்ளினார்.

"ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டேன். 'என்னால முடியலடீ'ன்னாரு. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவரு வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லக் கூடாதுன்னாரு. 'எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா தூக்குறத நிறுத்திடுவான். அப்புறம் என்ன ஊசி புடிக்கச் சொல்லிடுவாங்க'ன்னாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

கோழி ஒன்று முறத்துப் பக்கம் வந்தது. அண்ணி அதை விரட்டினார்.

"நீங்களும் என்கிட்ட சொல்லியிருக்கலாம் தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

சாக்கில் இன்னும் பாதி இருந்தது. நான் கீழே இறங்கி உட்கார்ந்து ஒரு கை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். தீர்கிற வரைக்கும் இரண்டு பேரும் உரித்தோம். தீர்ந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.